சீட்டு எண்ணின் கடைசி இலக்கம்

2025 மார்ச்சில் பிசான அறுவடை முடிந்து, தாமிரபரணிக் கரையோர நெல் மண்டிகளில் பட்டுவாடா நடந்துகொண்டிருந்த நாட்களில், 21 எடைச் சீட்டுகளுக்கு உரிய பணம் ஒரு வாரம் முடங்கிக் கிடந்தது. அதற்கு நான் செய்த வேலையே காரணம். இரண்டு தரவுக் கோப்புகளை ஒப்பிட்டு, வேறுபாடு எதுவும் இல்லை என்று ஒரு கருவி காட்டியதை நம்பி, ஒரு மண்டியின் கணக்கு முழுவதையும் பழைய நிரலிலிருந்து புதிய நிரலுக்கு மாற்றிவிட்டேன். வேறுபாடு இருந்தது. அதைக் காணும் திறன் அந்தக் கருவிக்கு இல்லை என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கேட்பதற்கு ஆள் இல்லாமல் பதினோரு நாட்கள் தனியாகத் திண்டாடியதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. யாராவது ஒருவர் முன்பே எச்சரித்திருந்தால் ஒரு மாலை நேரச் சோதனையில் தவிர்த்திருக்கக்கூடிய துன்பம் அது. ஆகவே நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே ஆறு ஆண்டுகளாகச் சிறு வணிகர்களுக்குக் கணக்கு நிரல்கள் எழுதிக் கொடுத்து வருகிறேன். சேரன்மகாதேவிப் பக்கத்து நெல் மண்டி ஒன்றில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த கணினி, பிப்ரவரியில் அடிக்கடி நின்றுபோகத் தொடங்கியது. அறுவடைக் காலத்தில் அது முற்றிலும் நின்றுவிட்டால் வேலை கெட்டுவிடும் என்று மண்டி அண்ணாச்சி அஞ்சினார்; அந்த அச்சம் நியாயமானது. மொத்தம் 70,000 ரூபாய் பேசி, பாதியை முன்பணமாகக் கொடுத்தார். பருவத்தின் நடுவில் கணக்கை மாற்றுவது நல்லதல்ல என்று எனக்குத் தோன்றியது. அதை வாய்விட்டுச் சொல்லாமல் விட்டது என் முதல் தவறு.

மண்டியின் கணக்கு முழுவதும் எடைச் சீட்டைச் சுற்றியே நடக்கிறது. களத்திலிருந்து நெல் வந்து இறங்கியதும் மூட்டை எண்ணி, எடை போட்டு, ஈரப்பதம் பார்த்து, விவசாயியின் கையில் ஒரு சீட்டைக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டில் உள்ள எண்தான் பிறகு பணம் வாங்குவதற்கான ஆதாரம். எண்ணின் அமைப்பு எளியது: தேதி எட்டு இலக்கம், எடை நிலையத்தின் எண் இரண்டு இலக்கம், தொடர் எண் ஆறு இலக்கம், ஆக மொத்தம் 16 இலக்கம். மார்ச் 13 அன்று கோபாலசமுத்திரம் பக்கத்தில் வாடகைக்கு எடுத்த களத்தில் புதிதாக ஒரு நிலையத்தைத் தொடங்கினார்கள். அது தம்முடைய சொந்த இடம் அல்ல என்பதால் அடையாளம் தெரியட்டும் என்று அண்ணாச்சி அதற்கு 101 என்று எண் கொடுத்தார். அந்த ஒரு நிலையத்தின் சீட்டுகள் மட்டும் 17 இலக்கமாயின. இதை நான் பார்த்தேன், பார்த்துவிட்டுக் கடந்து போனேன்.

பழைய நிரலிலிருந்து ஜேசான் கோப்பாக, அதாவது நிரல்கள் தமக்குள் தரவைப் பரிமாறப் பயன்படுத்தும் எழுத்துக் கோப்பாக, எடுத்தபோது அந்தப் பருவத்தின் 2,318 சீட்டுகளும் வந்தன. புதிய நிரலுக்கு ஏற்ற வடிவில் அவற்றை மாற்ற ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் ஒரு சிறு நிரல் எழுதி, இரண்டாவது ஜேசான் கோப்பை உருவாக்கினேன். இரண்டையும் முதலில், கோப்புகளை வரி வரியாக ஒப்பிடும் சாதாரண டிஃப் கட்டளையால் ஒப்பிட்டேன். 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள் கொண்ட கோப்பில் ஏறத்தாழ எல்லா வரியும் மாறியிருப்பதாக அது சிவப்பில் காட்டியது. இதில் அந்தக் கட்டளையின் குற்றம் எதுவும் இல்லை. 1970-களில் பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராயும் ஜேம்ஸ் ஹன்ட்டும் உருவாக்கிய டிஃப் ஆகட்டும், 1986-இல் யூஜின் மையர்ஸ் வெளியிட்ட வழிமுறையைப் பின்பற்றும், நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் இன்றைய கிட் ஆகட்டும், அவை வரிகளைத்தான் பார்க்கின்றன. ஒரு பதிவுக்குள் பெயர் முதலில் வந்து ஊர் பிறகு வந்தால் என்ன, ஊர் முதலில் வந்தால் என்ன, தரவு ஒன்றுதான். ஆனால் வரியாகப் பார்ப்பவருக்கு அது வேறு வரி. ஜேசானுக்கான இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 8259-உம், ஒரு பதிவுக்குள் இருக்கும் பெயர், ஊர் போன்ற புலங்களுக்கு வரிசை இல்லை என்றும், பட்டியலுக்கு வரிசை உண்டு என்றும் தெளிவாகச் சொல்கிறது. அந்தச் சிவப்பு வரிகளின் குவியலுக்குள் உண்மையிலேயே கெட்டுப்போன 22 எண்களும் இருந்தன என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. கண் முன்னால் இருந்தும், இரைச்சலின் நடுவே அவை எனக்குப் படவில்லை.

இரைச்சலைக் குறைக்க வேண்டும் என்று எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். என் கணினியில் இருந்த ஜேக்யூ 1.6 என்ற கருவியைக் கொண்டு இரண்டு கோப்புகளிலும் புலப்பெயர்களை ஒரே ஒழுங்கில் அடுக்கினேன். சிவப்பு பாதியாகக் குறைந்தது. மீதி, பட்டியல் வரிசையால் வந்தது. பழைய நிரல் சீட்டுகளை விவசாயியின் பெயர் வாரியாகவும், என் நிரல் தேதி வாரியாகவும் கொடுத்திருந்தன. முதலாவதை முதலாவதோடும் இரண்டாவதை இரண்டாவதோடும் பொருத்திப் பார்க்கும் கருவிக்கு, நடுவில் ஒரே ஒரு பதிவு இடம் மாறினாலும் அதற்குப் பிந்திய அனைத்தும் மாறியதாகவே தெரியும். அப்போதுதான் தரவின் அமைப்பைப் புரிந்துகொண்டு ஒப்பிடும் கருவிகளைத் தேடினேன். உலாவியிலேயே இயங்கும் ஒன்று கிடைத்தது. இரண்டு பெட்டிகளில் இரண்டு கோப்புகளை ஒட்டி, பதிவுகளை எந்தப் புலத்தைக் கொண்டு பொருத்த வேண்டும் என்று சொன்னால் போதும். சேர்ந்தது பச்சையாகவும், போனது சிவப்பாகவும், மாறியது மஞ்சளாகவும் மரம் போல விரிந்து தெரியும். சீட்டு எண்ணை அடையாளப் புலமாகக் கொடுத்தேன். ஆயிரக்கணக்கான வேறுபாடுகள் சில நூறாகச் சுருங்கியபோது எனக்கு உண்டான நிம்மதியைச் சொல்லி முடியாது.

எஞ்சிய சில நூறில் மூன்று வகைகள் இருந்தன. அவற்றைத் தனித்தனியாகச் சொல்வது பயன்படும். முதலாவது, எடை. ஒரு பக்கம் 61.50 என்று எழுத்தாகவும் மறுபக்கம் 61.5 என்று எண்ணாகவும் இருந்தது. மதிப்பு ஒன்றுதான் என்பதால், வகை வேறுபாட்டைப் பொருட்படுத்தாதே என்ற தேர்வை அழுத்தினேன். ஆனால் அதே தேர்வு, 0462 என்று தொடங்கும் தொலைபேசி எண்களின் முன் பூஜ்ஜியம் காணாமல் போனதையும் சேர்த்து மறைத்துவிட்டது. ஒரு புலத்துக்காக அழுத்திய தேர்வு கோப்பு முழுவதையும் ஆள்கிறது என்பதை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை. இரண்டாவது, இல்லாத புலமும் வெறுமையாக இருக்கும் புலமும். பழைய நிரல் வங்கி விவரம் தராதவர்களுக்கு அந்தப் புலத்தையே எழுதவில்லை. புதியது புலத்தை எழுதி அதில் நல், அதாவது மதிப்பு எதுவும் இல்லை, என்று வைத்தது. பார்ப்பதற்குச் சிறியது என்றாலும் இது எல்லா இடத்திலும் ஒன்றல்ல. மாற்றங்களை இணைப்பதற்கான ஆர்எஃப்சி 7396 முறையில் நல் என்றாலே அந்தப் புலத்தை நீக்கிவிடு என்றுதான் பொருள். எந்த இடத்தில் இரண்டும் ஒன்று, எந்த இடத்தில் வேறு என்பதை வேலை தொடங்கும்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, தமிழில் தரவு வைத்திருக்கும் அனைவரும் ஒருநாள் சந்திக்கப் போவது. இரண்டு பக்கமும் கோபாலசமுத்திரம் என்றே இருந்தது. கருவி மட்டும் வேறு வேறு என்று பிடிவாதமாக மஞ்சளைக் காட்டியது. திரையை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தும் ஒரு புள்ளி வித்தியாசம் தெரியவில்லை. கடைசியில் எழுத்துகளை எண்ணிப் பார்த்தபோது ஒரு பக்கம் யூனிகோட் குறிகள், அதாவது கணினி எழுத்துகளைச் சேமிக்கும் குறிகள், 15, மறுபக்கம் 16. ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரத்தின் இரட்டைக் கொம்பையும் ஆகாரத்தின் காலையும் தனித்தனியாக வைத்தும் எழுதலாம். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்ட பெயர்கள் இரண்டாவது வகையில் இருந்தன. ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே நிலைதான். என்எஃப்சி என்ற இயல்பாக்க முறையை இரண்டு கோப்புகளுக்கும் பயன்படுத்தினால் இவை ஒன்றாகிவிடும். ஆனால் கௌசல்யா என்ற பெயரை ஒற்றைக் கொம்பும் ளகரமும் இட்டுக் கெளசல்யா என்று ஒருவர் தட்டியிருந்தால் அதை என்எஃப்சி திருத்தாது. அது உண்மையிலேயே வேறு எழுத்து. அப்படிப்பட்ட நான்கு பெயர்களைக் கையால் திருத்தினேன். இந்த ஒன்றில் கருவி என்னைவிடக் கூர்மையாக இருந்தது. அதனாலேயே மற்றவற்றிலும் அது கூர்மையாக இருக்கும் என்று நம்பிவிட்டேன்.

மார்ச் 18 இரவு, ஒன்றே கால் மணிக்கு, வேறுபாடுகள் பூஜ்ஜியம் என்று கருவி காட்டியது. அதைப் படம் பிடித்துக் கூட வைத்துக்கொண்டேன். பிறகு கோப்பைப் புதிய தரவுத்தளத்தில் ஏற்றினேன். 2,318 பதிவுகள் செயலாக்கப்பட்டன என்று செய்தி வந்தது. செயலாக்கப்பட்டன என்ற சொல்லுக்கும் இருக்கின்றன என்ற சொல்லுக்கும் இடையே உள்ள தூரத்தை நான் அந்த இரவில் அளக்கவில்லை. மார்ச் 21 அன்று புதிய நிரல் தந்த பட்டியலின்படி வங்கிக்குப் பட்டுவாடா போயிற்று.

24-ஆம் தேதி காலையில் அண்ணாச்சி அழைத்தார். கோபம் இல்லாத, ஆனால் அவசரமான குரல். முன்னீர்பள்ளம் வழியாகப் போகும் பேருந்தில் ஏறி மண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். முதலில் இருந்த பெரியவர் மடியிலிருந்து நான்காக மடித்த மஞ்சள் சீட்டை எடுத்து விரித்தார். 20250314101000019. தட்டினேன், அப்படி ஒரு சீட்டு இல்லை என்று வந்தது. மீண்டும் ஒவ்வொரு இலக்கமாகத் தட்டினேன், இல்லை. அவர் என்னைப் பார்த்து, "சீட்டு என் கையில இருக்கு தாயி. பெட்டியில இல்லைங்கிய. அப்ப நான் கொண்டாந்த நெல்லு எங்க போச்சு?" என்று கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை. அவருக்குப் பின்னால் நின்றவரின் சீட்டு 20. அதைத் தட்டியதும் பதிவு வந்தது, ஆனால் அதில் வேறொருவருடைய பெயரும் வேறொருவருடைய மூட்டைக் கணக்கும் இருந்தன. என் கைகள் நடுங்கத் தொடங்கியதை அங்கிருந்த அனைவரும் பார்த்திருப்பார்கள்.

மண்டியின் கணக்குப்பிள்ளை அறுபதைக் கடந்தவர். கணினி வந்த பிறகும் பேரேடு எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. அவர் கேட்ட ஒரே கேள்வி, "மூட்டைக் கூட்டு பாத்தியாம்மா?" என்பதுதான். நான் பார்க்கவில்லை. அவருடைய பேரேட்டில் 101-ஆம் நிலையத்துக்கு 29 சீட்டு, 1,212 மூட்டை. புதிய நிரலில் 8 சீட்டு, 338 மூட்டை. அந்த எட்டையும் அச்சிட்டுக் கொடுத்தபோது, முதல் வரியிலேயே அவர் விரலை வைத்து, "பூச்சியத்துல யாரும்மா சீட்டு போட்டா?" என்றார். 13-ஆம் தேதிக்கு 000000 என்று முடியும் ஒரு சீட்டு இருந்தது. சீட்டுப் புத்தகம் ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறது. யாரும் எழுதாத ஒரு சீட்டு என் நிரலுக்குள் பிறந்திருந்தது. என்னிடம் இருந்த எல்லாக் கருவிகளையும்விட அந்தக் கேள்வி எனக்கு வழி காட்டியது.

வீட்டுக்கு வந்து அன்றிரவு எட்டு எண்களையும் வரிசையாக எழுதினேன். 0, 4, 8, 12, 16, 20, 24, 28. எல்லாமே நான்கின் மடங்குகள். அதற்கு மேல் தேட வேண்டியிருக்கவில்லை. ஜேசான் கோப்பில் உள்ள எல்லா எண்களையும் ஜாவாஸ்கிரிப்ட் வழக்கமாக 64 இருமங்கள் (பிட்கள்) கொண்ட மிதவைப் புள்ளி எண்ணாகவே படிக்கிறது. அதில் முழு எண்கள் ஒன்றுகூட விடுபடாமல் அடங்குவது 9007199254740991 வரைதான். இரண்டின் 53-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண் அது. 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8259-இலும் இந்த எல்லை எழுதப்பட்டிருக்கிறது. 2025 என்று தொடங்கும் 16 இலக்க எண் இந்த எல்லைக்குள் இருப்பதால் மற்ற நிலையங்களின் சீட்டுகள் தப்பின. 17 இலக்கமானதும் எல்லை தாண்டிவிட்டது. அந்த அளவில் நான்கின் மடங்குகளை மட்டுமே அந்த முறையால் வைத்துக்கொள்ள முடியும், மற்றவை பக்கத்தில் உள்ள மடங்குக்கு நகர்த்தப்படும். 19, 20, 21 ஆகிய மூன்றும் 20 ஆயின. 14 முதல் 18 வரை ஐந்தும் 16 ஆயின. மாற்றுக் கோப்பில் 29 பதிவுகளும் இருந்தன, எண்கள் மட்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்திருந்தன. தரவுத்தளத்தில் ஏற்றும் நிரலோ, எண் ஏற்கெனவே இருந்தால் மேலெழுது என்ற முறையில் எழுதப்பட்டது. கடைசியாக வந்தவரின் பதிவு நிலைத்தது, முன்னால் வந்தவர்கள் அழிந்தார்கள். பிழைச் செய்தி எங்கும் எழவில்லை.

ஒப்பிடும் கருவி ஏன் பேசவில்லை என்பதுதான் நான் அதிகம் யோசித்த கேள்வி. காரணம் தெரிந்தபோது வயிறு கலங்கியது. அதுவும் ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்ட கருவி. மூலக் கோப்பில் 19 என்றும் மாற்றுக் கோப்பில் 20 என்றும் இருந்தாலும், படிக்கும்போதே இரண்டையும் 20 ஆக்கிக்கொண்டு, இரண்டும் ஒன்று என்றது. அதற்கும் முன்பே நான் புலப்பெயர்களை அடுக்கப் பயன்படுத்திய ஜேக்யூ 1.6-உம் எண்களை அதே முறையில் படித்து, மூலக் கோப்பின் படியிலேயே எண்ணை மாற்றிவிட்டிருந்தது. அந்தக் கருவியின் 1.7 பதிப்பு, கணக்குச் செய்யாத எண்களை எழுதியபடியே காக்கிறது. என்னிடம் இருந்தது பழையது. பிழை செய்த நிரலும், அதைப் பிடிக்க வேண்டிய கருவியும், ஒப்பீட்டுக்குத் தயார் செய்த கருவியும் ஒரே குறைபாட்டைக் கொண்டிருந்தால் பிழை எப்படி வெளிப்படும்? தராசும் எடைக்கல்லும் ஒரே பட்டறையில் தவறாகச் செய்யப்பட்டது போன்ற நிலை அது. ஆகவே மாற்றும் நிரலை எந்த மொழியில் எழுதுகிறீர்களோ அதே மொழியில் ஓடும் கருவியைக் கொண்டு மட்டும் சரிபார்க்காதீர்கள். அன்றிரவு பைத்தான் என்ற வேறொரு மொழியில் நாற்பது வரி எழுதினேன். அது இவ்வளவு நீளமான முழு எண்களையும் இலக்கம் மாறாமல் அப்படியே படிக்கும். தசம எண்களையும் இலக்கம் பிசகாத டெசிமல் வகையாகப் படிக்கச் சொல்லலாம். மூலக் கோப்பை எந்தப் படியும் எடுக்காமல் நேரடியாகப் படிக்க வைத்தேன். ஒரு நொடியில் 22 சீட்டு எண்கள் மாறியிருப்பதையும் 21 பதிவுகள் தரவுத்தளத்தில் இல்லாததையும் காட்டியது.

மறுநாள் அண்ணாச்சியிடம் முழுவதையும் மறைக்காமல் சொன்னேன். பேருந்தில் போகும்போது என்னென்னவோ சமாதானங்களை மனத்துக்குள் தயாரித்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அவற்றைச் சொல்ல மனம் வரவில்லை. "நடந்தது நடந்துட்டு. மொதல்ல ஆளுகளுக்குப் பணத்தப் போடணும்" என்றார். மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருந்ததால் 26-ஆம் தேதிக்குள் அத்தனை பதிவுகளையும் மீட்டு, பேரேட்டோடு ஒவ்வொன்றாகப் பொருத்தி முடித்தோம். 28-ஆம் தேதி பணம் போயிற்று. அதற்குள் அறுவடை இயந்திரத்தின் வாடகைக்குக் கைமாற்று வாங்கியவர்களும், நகைக்கடனைத் திருப்ப வைத்திருந்த நாள் தவறியவரும் இருந்தார்கள். அவர்களுக்கு ஏற்பட்ட வட்டி 6,400 ரூபாயை நானே கொடுத்தேன். மீதிக் கூலி 35,000 ரூபாயை நான் கேட்கவில்லை. அந்த நாட்களில் ஒப்புக்கொண்டிருந்த இன்னொரு வேலை, 18,000 ரூபாய்க்கு உரியது, கைவிட்டுப் போயிற்று. ஆக 59,400 ரூபாய். பணத்தைவிட, பெரியவர் கேட்ட கேள்விதான் பல இரவுகள் தூங்கவிடவில்லை. என் முன்னால் கோப்பில் ஒரு வரியாக இருந்தது, அவருக்கு ஒரு போக உழைப்பு.

இப்போது நான் ஒப்பிடும் முறையே வேறு. கருவியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில், இந்தத் தரவில் எது மாறினால் மாற்றம், எது மாறினால் மாற்றமில்லை என்று புலம் புலமாக எழுதுகிறேன். புறக்கணிக்கும் ஒவ்வொரு தேர்வுக்கும் எந்தப் புலத்துக்காக, ஏன் என்ற காரணம் அந்தத் தாளில் இருக்க வேண்டும். காரணம் எழுத முடியாத தேர்வை அழுத்துவதில்லை. அடையாளப் புலம் ஒவ்வொரு கோப்புக்குள்ளும் இரட்டிக்காமல் இருக்கிறதா என்பதை ஒப்பீட்டுக்கு முன்பே பார்க்கிறேன். அந்த ஒரு சோதனையை மாற்றுக் கோப்பில் செய்திருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. கூட்டவும் பெருக்கவும் தேவையில்லாத எண்கள், அதாவது சீட்டு எண், வங்கிக் கணக்கு எண், தொலைபேசி எண், அஞ்சல் குறியீடு ஆகியவை, மேற்கோள் குறிக்குள் எழுத்தாகவே இருக்க வேண்டும் என்று தரவு தரும் தரப்பிடம் கேட்டு வாங்குகிறேன். வேலை முடிந்ததும் இரண்டு கோப்புகளை ஒப்பிடுவதோடு நிற்காமல், புதிய தரவுத்தளத்திலிருந்தே மீண்டும் ஒரு கோப்பை எடுத்து, அதை மூலத்தோடு ஒப்பிடுகிறேன். இடையில் எத்தனை படிகள் இருந்தாலும் முதல் முனையும் கடைசி முனையும் நேரடியாகச் சந்திக்க வேண்டும். அதன் பிறகு நிலையம் வாரியாகச் சீட்டு எத்தனை, மூட்டை எத்தனை, எடை எத்தனை என்று கூட்டிப் பார்க்கிறேன். கணக்குப்பிள்ளை கேட்ட கூட்டு அதுதான்.

இவை அனைத்தையும்விட நான் முக்கியமாகக் கருதுவது, கருவியையே சோதிப்பது. எந்தக் கருவியானாலும், மூலக் கோப்பின் ஒரு படியில் தெரிந்தே சில பிழைகளை வைத்து, அவற்றைக் கண்டுபிடிக்கிறதா என்று பார்க்கிறேன். மிக நீளமான எண்ணின் கடைசி இலக்கத்தை ஒன்று கூட்டி வைப்பேன். ஒரு புலத்தை நீக்குவேன், ஒன்றை நல் ஆக்குவேன், ஒரு முன் பூஜ்ஜியத்தை எடுப்பேன், ஓகாரத்தைப் பிரித்து எழுதுவேன், பட்டியலில் இரண்டு பதிவுகளை இடம் மாற்றுவேன், ஒரே பதிவுக்குள் ஒரு புலப்பெயரை இருமுறை எழுதுவேன். கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலான கருவிகள் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகின்றன; பெயர்கள் தனித்திருக்க வேண்டும் என்று தரநிலை பரிந்துரைத்தாலும், இரட்டித்தால் ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் ஆகிறது. கருவி எதைப் பிடிக்கவில்லை என்பதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துவதற்கும், எல்லாவற்றையும் பிடிக்கும் என்று எண்ணிப் பயன்படுத்துவதற்கும் இடையே எனக்கு 59,400 ரூபாய் வித்தியாசம் இருந்தது.

வெட்கத்தோடு சொல்ல வேண்டியது இன்னொன்றும் உண்டு. அந்த இரவில் நான் உலாவிப் பெட்டியில் ஒட்டிய கோப்பில் நூற்றுக்கணக்கான விவசாயிகளின் பெயர், கைப்பேசி எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் இருந்தன. அந்தத் தளம் தரவை உலாவிக்குள்ளேயே வைத்து ஒப்பிடுகிறதா, தன் வழங்கிக்கு (சர்வருக்கு) அனுப்புகிறதா என்று நான் பார்க்கவே இல்லை. பக்கம் திறந்ததும் இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒப்பிட்டுப் பார்த்தால் முதல் சந்தேகம் ஓரளவு தீரும். ஆனால் இணையம் திரும்பியதும் அனுப்பாது என்பதற்கு அதுவும் உறுதியல்ல. சேமி, இணைப்பாகப் பகிர் என்ற பொத்தான்களை அழுத்தினால் தரவு நிச்சயமாக வெளியே போகிறது. பிறர் நம்பிக் கொடுத்த தரவை என் சொந்தக் கணினியில் நிறுவிய கருவியைத் தவிர வேறெதிலும் இப்போது ஒட்டுவதில்லை. இதனால் யாருக்கும் தீங்கு நேர்ந்ததாக எனக்குத் தெரிய வரவில்லை என்றாலும், அனுமதி கேட்காமல் செய்தது தவறு என்பதை அண்ணாச்சியிடமும் ஒப்புக்கொண்டேன்.

மண்டியில் அடுத்த நெல் பருவமான கார் பருவத்துக்குப் புதுச் சீட்டுப் புத்தகம் அடித்தபோது எண்ணின் முன்னால் க என்ற எழுத்தைச் சேர்க்கச் சொன்னேன். எழுத்து ஒன்று இருந்தால் எந்த நிரலும் அதை எண்ணாகப் படிக்க முடியாது. கணக்குப்பிள்ளை அதை வாங்கிப் பார்த்து, முதல் சீட்டு 000001 என்று இருப்பதை உறுதி செய்துகொண்டு, பேரேட்டின் புதுப் பக்கத்தில் நிலையத்தின் பெயரை எழுதினார்.